உவர்நீரில் உயிர்வேலி

கொல்லைப்புறத்தை அயலார் கண்ணிலிருந்து மறைப்பதற்காக நெருக்கமாக நடப்படும் மரஞ்செடிகளின் வரிசையை வேளாண் நூல்கள் ‘உயிர்வேலி’ என்ற பழைய சொல்லுக்குள் அடக்கிவிடுவது வழக்கம் என்றாலும், அவற்றை நட்டு வளர்த்துத் தருவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இரண்டும் ஒன்றல்ல. உயிர்வேலியின் வேலை ஆட்டையும் மாட்டையும் தடுப்பது. கிளுவையோ கள்ளியோ கொடுக்காப்புளியோ இடுப்பளவுக்கு முள்ளோடு நின்றால் அந்த வேலை முடிந்தது. மறைப்பின் வேலை மனிதக் கண்ணைத் தடுப்பது. அதற்கு முள் தேவையில்லை; ஆனால் தரையிலிருந்து ஓரடி விட்டு நுனிவரை இலை அடர்ந்திருக்க வேண்டும், அந்த இலை பங்குனி சித்திரையிலும் உதிராமல் நிற்க வேண்டும், அகலம் மட்டும் மூன்று நான்கு அடியைத் தாண்டக் கூடாது. மரத்தின் இயல்பு பக்கவாட்டில் விரிவது என்பதால், உயரமும் அடர்த்தியும் வேண்டும் ஆனால் அகலம் வேண்டாம் என்று கேட்பது அதன் இயல்புக்கு எதிராகக் கேட்பதாகும். இத்தொழிலின் சிக்கல்களில் பாதி இந்த ஒரு முரணிலிருந்து பிறப்பவை.

பாலாற்றுப் படுகையில் வாலாஜா, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தொடங்கி வேலூர் வழியாகப் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பதனிடும் வட்டாரம், 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களுக்குள் பங்கிடப்பட்டதே தவிர, நீராலும் தொழிலாலும் இன்றும் ஒரே வட்டாரமாகவே இருக்கிறது. இங்குள்ள பழைய வீடுகளில், அவை எச்சமயத்தாருடையவையாக இருந்தாலும், கொல்லைப்புறம் என்பது பெண்கள் துவைத்துக் காயப்போட்டு, பாத்திரம் விளக்கி, விருந்து நாள்களில் பெரிய அடுப்பு மூட்டிப் பிரியாணி தேக்சா ஏற்றி, மாலையில் முந்தானை நழுவினாலும் கவலையின்றி உட்கார்ந்து பேசிய இடம். தெருவிலிருந்த எல்லா வீடுகளும் ஒற்றைத் தளமாக இருந்தவரை ஏழடி மதில் அந்த மறைவுக்குப் போதுமானதாக இருந்தது. பக்கத்து மனையில் இரண்டு மாடியும் அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டியும் எழும்பிய பின் அதே மதில் பயனற்றுப்போகிறது. அதன் பிறகே நர்சரிக்காரருக்கு அழைப்பு வருகிறது. “ஆறு மாசத்துல மேல் மாடி தெரியக்கூடாதுங்க, சீக்கிரம் வர்றதா ஒண்ணு குடுங்க” என்பது ஏறக்குறைய எல்லா வீட்டாரும் சொல்லும் முதல் வாக்கியம். வேகத்தைப் பற்றிய அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் அது மூன்றாவதாகக் கேட்கப்பட வேண்டியது. இந்த வட்டாரத்தில் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது, இரண்டாவது கேள்வி பார்வைக் கோட்டைப் பற்றியது.

பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சோற்றுப்பு தேய்க்கப்படுகிறது. தோலை ஊறவைத்துக் கழுவும் முதல் நீரில் அந்த உப்பின் பெரும்பகுதி வெளியேறுகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாவதையும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த முதற்கட்டக் கணக்குப்படி இவ்வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனதையும் பதிவுசெய்திருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு என்று சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். கொல்லையில் குழி தோண்டுபவருக்கோ அது வேறுவிதமாகப் பயன்படும் ஆவணம். பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பின்னும், குரோமியம் மண்ணோடு ஒட்டிப் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தங்கிவிட, சோடியமும் குளோரைடும் நீரோடு நீராக இறங்கி ஆழ்துளைக் கிணறுகளில் கலந்து, ஒவ்வொரு கோடையிலும் மோட்டார் போட்டவுடன் மேலே வந்துகொண்டே இருக்கின்றன. மறைப்பு மரத்தைக் கொல்வது பெரும்பாலும் குரோமியம் அல்ல, இந்தச் சாதாரண உப்புதான்.

நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை ‘டி.டி.எஸ்.’ என்று வீட்டுக்காரர்களே இப்போது சொல்கிறார்கள். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி விற்பவர்கள் அந்தச் சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்துவிட்டார்கள். பாசன நீருக்கு உலக அளவில் பின்பற்றப்படும் உணவு வேளாண்மை நிறுவனத்தின் வரையறை லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை தடையில்லை என்றும், 2,000 வரை பயிரைப் பார்த்துப் பயன்படுத்தலாம் என்றும், அதற்கு மேல் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டைப்பையில் அடங்கும் மீட்டர் ஒன்று இந்த எண்ணை அரை நிமிடத்தில் காட்டிவிடும். மீட்டர் இல்லாத காலத்தில் தொழில் கற்றவர்கள் வேறொரு கருவியை நம்பினார்கள். அது துவைகல்லுக்கு அருகில் எந்த வீட்டிலும் நிற்கும் வாழை. வாழை உப்பைப் பொறுக்காத பயிர். அதன் முதிர்ந்த இலைகளின் விளிம்பு நெருப்பில் காட்டியதுபோல் வரிசையாகக் கருகியிருந்தால், அந்த வீட்டில் எதை நடக்கூடாது என்ற பட்டியல் உடனே கைக்கு வந்துவிடும். வாழையே இல்லாத கொல்லை இன்னும் தெளிவான விடை.

உப்பு நிலத்திலும் இரண்டு வகை உண்டு. கரையும் உப்புகள் மிகுந்து, வெயிலில் மேலே வெள்ளையாகப் பூக்கும் மண் உவர்மண். கரையும் உப்பு குறைவாயிருந்தாலும் சோடியம் களித்துகள்களோடு ஒட்டிக்கொண்டு, நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடாகவும் ஆகி நீரை உள்ளே விடாத மண் களர்மண். உவருக்கு மருந்து நல்ல நீரும் வடிகாலும் மட்டுமே. களருக்கு ஜிப்சம் இட வேண்டும். அதிலுள்ள கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும், ஆனால் இடம்பெயர்ந்த சோடியத்தை அடித்துச்செல்ல நீரும் அது வெளியேற வழியும் இல்லாவிட்டால் ஜிப்சம் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பயனில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எல்லாக் கொல்லைக்கும் ஜிப்சத்தை எழுதிக்கொடுக்கும் பழக்கம் இத்துறையில் பரவலாக இருக்கிறது என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டும்.

இரண்டாவது கேள்வி எவ்வளவு உயரம் வேண்டும் என்பது. இதற்கு வீட்டார் மனத்தில் இருக்கும் விடை எப்போதும் முப்பது அடி. கணக்குப் போட்டால் வரும் விடை எப்போதும் அதைவிடக் குறைவு. எதிர்வீட்டு முதல் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 16 அடி உயரத்திலும், அந்தச் சன்னல் மதிலிலிருந்து 20 அடி தள்ளியும் இருப்பதாகவும், மறைக்கப்பட வேண்டிய துவைகல் மதிலுக்கு உள்ளே 10 அடியில் இருப்பதாகவும் கொள்ளலாம். அந்தக் கண்ணிலிருந்து துவைகல்லருகே நிற்கும் ஐந்தரை அடி ஆளின் தலைக்கு ஒரு கயிறு கட்டினால், அது மதிலைக் கடக்கும் உயரம் 9 அடி. மதிலோரத்தில் ஒன்பதடி இலை போதும் என்பது இதன் பொருள். அதே வரிசையை மதிலிலிருந்து ஐந்தடி உள்ளே தள்ளி நட்டால் ஏழேகால் அடியே போதும். இரண்டாம் மாடியிலிருந்து பார்த்தால்கூட ஒன்பதடிக்குச் சற்றுக் குறைவுதான். மறைப்பு மறைக்கப்படும் இடத்தை நெருங்க நெருங்க அதற்குத் தேவையான உயரம் குறைகிறது என்ற இந்த எளிய உண்மை, மதிலோரமே நட வேண்டும் என்ற பிடிவாதத்தால் மறக்கப்படுகிறது. மதிலை ஒட்டி நடாமலிருந்தால் அடித்தளத்துக்கும், பக்கத்து வீட்டாரோடுள்ள உறவுக்கும், கவாத்து செய்பவரின் ஏணிக்கும் அது நல்லது. கவாத்து என்பது வேண்டாத கிளைகளை வெட்டி மரத்தின் உருவத்தை நிறுத்துவது. இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடமில்லாத வரிசைக்குக் கவாத்தே கிடையாது, மூன்றாம் ஆண்டில் காடு மட்டுமே உண்டு.

மொட்டைமாடியிலிருந்து செங்குத்தாக விழும் பார்வைக்கு எந்த வரிசையும் விடையாகாது. அங்கே வேண்டியது சுவரன்று, கூரை. நான்கு கம்பம் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில் அவரையோ புடலையோ முல்லையோ ஏறினால் மூன்றே மாதத்தில் கிடைக்கும் மறைவு, பத்தாண்டு வளர்த்த மரத்தாலும் கிடைக்காது. நர்சரிக்காரருக்கு இதில் வருமானம் மிகக் குறைவு என்பதால் இது அதிகம் சொல்லப்படுவதில்லை.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பிறகே மரத்தின் பெயர் வர வேண்டும். ஆனால் தமிழகம் முழுவதும் நடைமுறையில் முதலில் வரும் பெயர் நெட்டிலிங்கம். ஊரார் இதை ‘அசோகா’ என்று அழைத்தாலும், செந்நிறப் பூங்கொத்துடைய உண்மையான அசோகு வேறு மரம். கிளைகள் தண்டோடு ஒட்டித் தொங்கும் இந்த ஒடுங்கிய வகை, உயரமும் அடர்த்தியும் உண்டு ஆனால் அகலமில்லை என்ற அந்த முரணைத் தன் உடலாலேயே தீர்த்துவிட்டது என்பதுதான் அதன் புகழுக்குக் காரணம். இங்கு விற்கப்படும் கன்றுகளில் கணிசமானவை ஆந்திரத்தின் கோதாவரிக் கரையிலுள்ள கடியம் நர்சரிகளிலிருந்து லாரியில் வருபவை. வண்டல் மண்ணிலும் நன்னீரிலும் வளர்ந்து, பையின் அடியில் வேர் சுருண்டு, எட்டடி உயரத்தில் பளபளவென்று இறங்குபவை. இதை எழுதுபவர் தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இப்படிப்பட்ட நாற்பது கன்றுகளை இரண்டரை அடி இடைவெளியில் ஒரே நாளில் நட்டு, வீட்டாரின் பாராட்டையும் வாங்கிக்கொண்டு திரும்பினார். நட்டது தை மாதம். அடுத்து மழையே இல்லாத ஐந்து மாதங்கள். பாய்ந்தது முழுவதும் போர் நீர். பங்குனியில் இலை நுனி பழுப்பேறியது, சித்திரையில் விளிம்பு முழுவதும் கருகியது, ஆனி பிறப்பதற்குள் பாதிக்கு மேல் குச்சியாக நின்றன. நுனி கருகுவதைத் தண்ணீர்ப் பஞ்சம் என்று எண்ணி நாள்தோறும் இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொன்னதுதான் அதில் பெரிய பிழை. ஊற்றிய ஒவ்வொரு குடமும் ஒரு கைப்பிடி உப்பையும் சேர்த்தே ஊற்றியது. அந்த வீட்டுக் கிணற்றடியில் வாழை இருந்ததா என்று அன்று பார்க்கத் தோன்றவில்லை.

நன்னீர் உள்ள வீட்டுக்கு நெட்டிலிங்கம் இன்றும் குறைசொல்ல முடியாத மரம்தான், அது காய்க்கும் பருவத்தில் வௌவால்கள் இரவில் வந்து காயப்போட்ட வெள்ளைத் துணியில் கறை வைத்துப்போவதைப் பொறுத்துக்கொண்டால்.

உவர்நீருக்கு ஈடுகொடுத்து வேகமாகவும் எழுவது சவுக்கு. அதில் ஊசியிலை போலத் தெரிவது இலையன்று, கணுக்கணுவான பசுங்குச்சி. உண்மையான இலை அந்தக் கணுக்களில் செதில்களாக ஒடுங்கிவிட்டது. நீரிழப்பு குறைவதற்கும் உப்புக் காற்றைத் தாங்குவதற்கும் இந்த அமைப்பு துணைசெய்கிறது. வேரில் குடியிருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைநிறுத்தித் தருவதால் கெட்ட மண்ணிலும் அது பசியறியாமல் வளர்கிறது. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம் காற்றுத்தடுப்புக்கென்றே அடர்ந்த கிளையுள்ள சவுக்குத் தேர்வுகளை உருவாக்கியிருக்கிறது. மூன்றடி இடைவெளியில் நட்டு, ஆறடி ஆனவுடன் நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளை இளமையிலேயே கத்தரித்துவந்தால் இரண்டாம் ஆண்டுக்குள் ஒன்பதடித் திரை நிச்சயம். ஆனால் சவுக்குக்கு ஒரு குணம் உண்டு: முற்றிய கட்டையில் வெட்டினால் அது எளிதில் துளிர்ப்பதில்லை. கவாத்தை இரண்டு ஆண்டுகள் மறந்துவிட்டு மூன்றாம் ஆண்டு நினைவு வந்து அரிவாளை எடுத்தவர்கள் பழுப்பு ஓட்டைகளைத்தான் பார்த்தார்கள். நான்கைந்து ஆண்டுகளில் அடிக்கிளைகளும் தாமாகவே காய்ந்து, மறைக்க வேண்டிய உயரத்தில் வெறும் தண்டும் மறைக்க வேண்டாத உயரத்தில் பசுமையும் நிற்கும். ஆகவே சவுக்கு என்பது வந்து வேலை செய்துவிட்டுப் போக வேண்டிய மரம், குடியிருக்க வேண்டியதன்று.

குடியிருக்க வேண்டிய மரமாக இவ்வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது பூவரசு. கடற்கரைக் கழிகளில் அலையாத்திக் காடுகளின் விளிம்பிலேயே வளரும் இனம் என்பதால் உப்பு அதற்குப் புதிதன்று. இதன் உண்மையான வேகம் வளர்ச்சியில் இல்லை, நடும் முறையில் இருக்கிறது. கைத்தண்டைப் பருமனுள்ள ஏழெட்டடிக் கிளையை வெட்டி, மேல்முனையில் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்பி, ஒன்றரை அடி ஆழத்தில் மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றுவதைப் போத்து நடுதல் என்பார்கள். கிளுவைக்கும் கல்யாண முருங்கைக்கும் இதே வழிதான். விலைகொடுத்து வாங்கும் கன்று ஓராண்டில் எட்டும் உயரத்தில் போத்து முதல் நாளே நிற்கிறது, மூன்றாம் மாதம் குடைபோல் துளிர்த்துவிடுகிறது. பழைய தலைமுறைக்குச் சொல்லித்தர வேண்டியிராத இந்த அறிவு, கன்றை விற்க வேண்டிய கட்டாயத்தாலோ என்னவோ, நர்சரிகளில் கேட்டாலும் கிடைக்காததாகிவிட்டது. போத்துக்குக் குறையும் உண்டு. ஆணிவேர் இல்லாததால் புயற்காற்றில் சாயும்; எனவே உயரத்தைப் பன்னிரண்டடிக்கு மேல் விடக்கூடாது. காய்ப்பருவத்தில் பருத்திச் செடிக்கு வரும் சிவப்பு நாவாய்ப்பூச்சி இதிலும் கூட்டமாக மொய்க்கும். கடிக்காது என்று சொன்னாலும் வீட்டுப் பெண்கள் அதை விரும்புவதில்லை, அந்த விருப்பமின்மையை மதிக்கத்தான் வேண்டும்.

கொடுக்காப்புளி உப்பையும் வறட்சியையும் தாங்குவதோடு, எத்தனை முறை வெட்டினாலும் சுவர்போல் அடர்ந்து நிற்கும். வெட்டிய முட்குச்சி வெறுங்காலோடு நடமாடும் கொல்லையில் கிடப்பதுதான் தொல்லை. தெருவோர வெளிவரிசைக்கு மட்டும் அது ஏற்றது. மூங்கிலில் பக்கவேர் ஓடிப் பரவும் குளிர்நாட்டு வகைகளைப் பற்றிய அச்சம் இங்கே தேவையற்றது, நம்மூரில் விற்கப்படும் வேலி மூங்கில்கள் கொத்தாகவே நிற்பவை. ஆனால் அவை நன்னீரின் பிள்ளைகள். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டினால் மூங்கிலை மறந்துவிடுவது நல்லது.

மரங்களின் காலடியை மூடும் குத்துச்செடிகளில் மருதாணி, நொச்சி, ஆடாதொடை மூன்றும் வெட்டுக்கு அடங்குபவை, நம்பத்தக்கவை. மருதாணி இலை பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் கை நிறைக்கும் என்பதால் அதைக் கவாத்து செய்ய ஆள் தேட வேண்டியதில்லை, அக்கம்பக்கத்துச் சிறுமிகளே செய்துவிடுகிறார்கள். ஆடாதொடையை ஆடு தொடாது. அரளி உப்புக்கு அஞ்சாதது, நெடுஞ்சாலை நடுவில் பூத்துக்கொண்டேயிருப்பதை அன்றாடம் பார்க்கிறோம். ஆனால் அதன் எல்லா உறுப்பும் நஞ்சு, குழந்தையும் ஆடும் உள்ள வீட்டில் அதற்கு இடமில்லை. இட்லிப்பூவும் செம்பருத்தியும் உவர்நீர் வீட்டில் நட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆவாரையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். குரோம் உப்புகள் வருவதற்கு முன் இந்த வட்டாரத்தின் தோல் தொழில் பெரும்பாலும் ஆவாரம் பட்டையின் துவர்ப்பில்தான் நடந்தது. பட்டையில் உள்ள டானின் என்ற பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாததாக்குகிறது. பின்னர் அந்த இடத்தை வாட்டில் பட்டைச் சாறு பிடித்தது; அதற்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பரப்பப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரங்கள், வேகமாக வளரும் என்பதற்காகவும் வரவேற்கப்பட்டுப் புல்வெளிகளை விழுங்கிவிட்டு, இன்று அகற்றப்பட வேண்டியவையாகப் பட்டியலிடப்படுகின்றன. ஆவாரையோ யாரும் நடாமலே பாலாற்று மேட்டில் ஆறடிக்கு மஞ்சளாகப் பூத்து நிற்கிறது. முழு மறைப்புக்கு அது போதாது என்றாலும், முன்வரிசைக் குத்துச்செடியாக அதைக் கேட்டு வாங்குபவர் ஒருவர்கூட இதுவரை வந்ததில்லை.

வேகத்துக்காக வரவேற்கப்பட்டவற்றில் அண்மையது கோனோகார்பஸ். உப்பையும் வெயிலையும் பொறுத்து, மாதந்தோறும் வெட்டினாலும் பச்சைப் பலகைபோல் நிற்கும் இம்மரத்தை வளைகுடா நாட்டு வீதிகளில் பார்த்துத் திரும்பியவர்கள் பெயர் தெரியாமலே ‘அங்கே இருக்குமே, அது’ என்று கேட்டார்கள், நர்சரிகளும் கொடுத்தன. இதன் மகரந்தம் மூச்சுக்கோளாறுகளைத் தூண்டுகிறது என்றும், வேர் நிலத்தடிக் குழாய்களையும் கம்பிவடங்களையும் சேதப்படுத்துகிறது என்றும் காரணம் காட்டி குஜராத் 2023இல் இதை நடத் தடைவிதித்தது. தமிழ்நாடு அரசும் 2025இல் தடைசெய்தது. மகரந்தக் குற்றச்சாட்டைப் பற்றி ஒவ்வாமை மருத்துவர்கள்தான் பேச வேண்டும். கொல்லையில் கண்டதைச் சொன்னால், கழிவுநீர்த் தொட்டியின் சந்துகளில் இதன் வேர் தலைமயிர்ப் பந்துபோல் அடைத்திருந்ததைத் தோண்டி எடுத்தவருக்குத் தடையின் நியாயம் விளங்காமல் போகாது. ஏற்கெனவே நிற்பவற்றை ஒரே நாளில் வெட்டிவிட்டு வெட்டவெளியில் நிற்க வேண்டியதில்லை. உட்பக்கம் ஐந்தடி தள்ளிப் பூவரசை ஊன்றி, அது தலையெடுத்த பின் இதை எடுக்கலாம்.

எந்த மண்ணுக்கு எந்தச் செடி என்று சோதித்துச் சோதித்து வேலி வளர்த்த மிகப்பெரிய முயற்சி இந்திய மண்ணிலேயே நடந்தது என்பதும், அதுவும் உப்பின் பொருட்டே நடந்தது என்பதும் விந்தையான ஒற்றுமை. பிரிட்டிஷ் அரசின் உப்பு வரியைக் காக்க வட இந்தியாவின் குறுக்கே வளர்க்கப்பட்ட முள்வேலியை 1867 முதல் 1870 வரை சுங்க ஆணையராக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் ஒழுங்குபடுத்தினார். மண் கெட்ட இடங்களில் பள்ளம் தோண்டி வேறு மண் நிரப்பி, மழைநீரைத் தேக்கக் கரைகட்டி, இலந்தை, களா, கருவேலம், கள்ளி என்று இடத்துக்கேற்ப மாற்றி நடச்செய்தார். 1879இல் அந்தச் சுங்கக் கோடே கைவிடப்பட்டது. உப்பைத் தடுக்க வேலி வளர்த்தவர் கையாண்ட முறையும் உப்பைத் தாங்கி வேலி வளர்ப்பவர் கையாளும் முறையும் ஒன்றுதான்: குழியை மாற்று, நீர் ஓடும் வழியை மாற்று, பிறகு செடியைத் தேர்ந்தெடு.

குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் அவ்வளவே. அடியில் அரையடி ஆற்றுமணலோ செங்கல் ஜல்லியோ, மேலே செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும். கன்றைத் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளத்தில் வைத்தால் உப்பு வந்து தேங்கும் என்பதால் அரையடி மேடாகவே நட வேண்டும். நடும் காலம் ஆடி முதல் ஐப்பசி வரை. தென்மேற்குப் பருவத்தின் மாலை மழையும் வடகிழக்குப் பருவமும் இரண்டும் வாய்க்கும் பகுதி இது என்பதால், முதல் ஐந்து மாதங்களுக்கு வானமே உப்பைக் கழுவித் தந்துவிடும். பிறகு வரும் கோடையில் நாளுக்கு ஒரு குடம் என்பதைவிட வாரத்துக்கு இருமுறை குழி நிறைய விடுவது நல்லது. வேருக்கு வேண்டியதைவிடச் சற்று மிகுதியாகப் பாய்ந்த நீர்தான் உப்பைக் கீழே தள்ளும். தெளிப்பாக இலைமேல் ஊற்றக்கூடாது, இலைவழியே குளோரைடு நேராக உள்ளேறும். சொட்டுநீர் போட்டவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: சொட்டுக்குழாய் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில் உப்பு ஒதுங்கிக் காத்திருக்கும், கோடையின் முதல் தூறல் அதைக் கரைத்து வேருக்கே திருப்பி அனுப்பும். எனவே முதல் மழை தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாமல், நல்ல மழை பெய்யும்வரை ஓடவிட வேண்டும். மழை பெய்கையில் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்து வீட்டார் சிரிப்பார்கள். காரணத்தைச் சொன்ன பிறகும் சிலர் சிரித்துக்கொண்டே மோட்டாரை அணைத்துவிடுவதும் உண்டு.

அவர்கள் சிக்கனமென்று செய்யும் வேறு இரண்டு வேலைகளும் வரிசையைக் கெடுப்பவை. குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியே தள்ளும் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். கருவி குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பதால் அது கிணற்று நீரைவிட உப்பானது. துவைத்த நீரையும் வாய்க்கால் வெட்டி வேலிக்குத் திருப்புகிறார்கள். சோப்புத்தூளில் இருப்பதும் சோடியம்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவில் அரிசி கழுவிய நீரும் பாத்திரம் அலசிய முதல் நீரும் சேர்ந்தால் முதலாண்டுக் கன்றுகளுக்கு அதுவே பெரிய கொடை.

மறைப்பு தோல் பதனிடும் ஷாப்பின் நாற்றத்தையும் தடுக்குமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை, தடுக்காது என்பதே. மயிர் நீக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளில் சேரும் சோடியம் சல்பைடிலிருந்து எழும் வாயுவே வெள்ளிக் கொலுசையும் கறுக்கவைக்கிறது. இலை வரிசை தூசியைப் பிடிக்குமே அன்றி வாயுவைப் பிடிக்காது. முல்லையும் மல்லிகையும் ஏற்றினால் மாலையில் வேறு மணம் கலக்கும் என்பது வரை சொல்லலாம்.

அயலாரிடமிருந்து மறைவு தேடும் இந்த முயற்சி அயலாரோடு சண்டையில் முடியும் நிலையும் ஏற்படுகிறது. பிரிட்டனில் லேலண்டு சைப்ரஸ் என்ற வேகமான ஊசியிலை மரத்தால் வெளிச்சம் இழந்த அண்டைவீட்டார் தொடுத்த பூசல்கள் பெருகி, இரண்டு மீட்டரைத் தாண்டும் பசுமை மாறா வேலிகளைக் குறித்து முறையிட 2003இல் சட்டமே இயற்றப்பட்டது. இங்கே அப்படித் தனிச்சட்டம் இல்லை. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழும் சவுக்குச் சருகுதான் வழக்காடு மன்றம். நடுவதற்கு முன் பக்கத்து வீட்டு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று வீட்டாரிடம் சொல்வதை இத்தொழிலில் நீண்ட நாள் இருப்பவர்கள் குழி எடுப்பதற்கு முந்தைய வேலையாக வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் சேர்த்தால் உவர்நீர்க் கொல்லைக்கு வரும் ஏற்பாடு இதுதான்: உட்பக்கம் நான்கடி இடைவெளியில் பூவரசம் போத்து, அதற்கு முன் மருதாணியும் நொச்சியும், மதில் பக்கம் மூன்றடி தள்ளித் தற்காலிகச் சவுக்கு வரிசை. சவுக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் அவசரத்தைத் தீர்க்கும்; பூவரசும் செடிகளும் அதன் நிழலோரத்தில் காற்றடிபடாமல் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் ஆண்டு முடிவில் சவுக்கை அடியோடு எடுத்துவிட வேண்டும். இதுவே ஏற்பாட்டின் மிகக் கடினமான பகுதி. உயரமாக, பச்சையாக, குற்றமின்றி நிற்கும் மரத்தை வெட்ட எந்த வீட்டாருக்கும் மனம் வருவதில்லை. ஓராண்டு தள்ளிப்போட்டால் உள்வரிசை வெளிச்சமின்றி ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஆகவே நடும் நாளிலேயே வெட்டும் மாதத்தையும் சொல்லி, கூலியையும் அப்போதே பேசிவைத்துக்கொள்வது இப்போதைய வழக்கம். வெட்டிய கம்புகளை விறகுக்கடைக்கு அனுப்பாமல் பட்டை சீவி, அடிமுனைக்குத் தார் பூசி, துவைகல்லுக்கு மேலே பந்தற்காலாக நட்டுத் தந்துவிட்டால் வீட்டார் பெரும்பாலும் மறுப்புச் சொல்வதில்லை. புடலை விதையை அந்த வாரமே ஊன்றிவிடுகிறார்கள்.